மணிக்கு ஒரு நிழல் வேண்டும்: எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கேட்டுக்குப் பக்கத்தில், பம்பு அறைச் சுவரோரம் கட்டியிருக்கும் நம் நாய் மணியைப் பற்றி எழுதுகிறேன். நான் தரைத்தளத்தில் இருக்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவன்தான். போன மாதம் அவன் தலைக்கு மேல் நான் கட்டிய பழைய படுக்கை விரிப்பை அவிழ்க்கச் சொன்னீர்கள். அவிழ்த்துவிட்டேன். "அதான் கூண்டு வாங்கிப் போட்டிருக்கிறோமே, அப்புறம் எதற்கு இது?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இப்போது இருக்கிறது. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் உங்களுக்குத் தனியாகத் தராமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்கும் மணி மேல் வெறுப்பு கிடையாது. இந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது வேலைக்கு வந்தவர்களோடு குட்டியாக வந்தவன் அவன். அவர்கள் போய்விட்டார்கள், அவன் மட்டும் நம்மோடு தங்கிவிட்டான். பதினோரு வயதாகிறது. மீந்த சோற்றை எடுத்துவந்து வைக்காத வீடு இங்கே குறைவு. இருந்தும் அவன் பிற்பகல் முழுக்க வெயிலில் கிடக்கிறான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நானே இப்போதுதான் கண்டுகொண்டேன்.

பம்பு அறைக்கு மேற்கே இருக்கிறது மணியின் இடம். காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்வரை சுவரின் நிழல் அவன் மேல் நன்றாக விழும். எட்டரை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பார்ப்பது அந்த மணியைத்தான்: குளிர்ந்த தரையில் கால்நீட்டிப் படுத்திருப்பான். மாலையில் நீங்கள் திரும்பும்போது வெயில் இறங்கியிருக்கும். நடுவில் உள்ள பொழுதைப் பார்க்கிறவர்கள் காவலர் அண்ணனும் என்னைப் போல வீட்டிலிருப்பவர்களும் மட்டுமே.

நானும் என் பேத்தியும் நான்கு நாள் ஒரு வேலை செய்தோம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய், நிழல் எங்கே முடிகிறதோ அங்கே சாக்கட்டியால் கோடு போட்டோம். ஒன்பது மணிக் கோடு அவன் சங்கிலி எட்டும் தூரத்தைத் தாண்டி இருந்தது. பதினொன்றுக்கு அது பாதியாகிவிட்டது. உச்சிப்பொழுதில் நிழல் சுவரடியில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கியது. மணி அந்த ஒரு சாணுக்குள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். படுக்க இடமில்லை. அதற்குப் பிறகு கோடு போட ஒன்றுமே இல்லை. பம்பு அறையின் நிழல் அந்தப் பக்கம், கிழக்கே, யாருமில்லாத புல்தரையில் விழுந்துகொண்டிருந்தது. நிழல் நகர்ந்துவிடும், சங்கிலியில் இருப்பவன் அதன் பின்னால் போக முடியாது. நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான்.

அந்தச் சுவரும் சும்மா இருப்பதில்லை. மேற்குப் பார்த்த சுவர் பிற்பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவு ஒன்பது மணிவரை வெப்பத்தை வெளியே விடுகிறது. புறங்கையை வைத்துப் பாருங்கள். கீழே உள்ள சிமென்ட் தரையிலும் அப்படியே: புறங்கையை ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அது நாயின் பாதத்துக்கும் ஆகாது.

இனி கூண்டைப் பற்றி. நல்ல எண்ணத்தில்தான் வாங்கினீர்கள். ஆனால் அது மழைக்கும் குளிருக்கும் ஆன கூண்டு. மேலே தகரம், மூன்று பக்கம் பலகை, முன்னால் ஒரே ஒரு திறப்பு. தகரம் சூடேறினால் அதன் அடிப்பக்கம் அடுப்புக்கல்லாகக் கீழே அனலடிக்கும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. வியர்வை உலரும்போது உடம்பு குளிர்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்காலில்தான். உடம்பைக் குளிரவைக்க அது போதாது. அதன் வழி மூச்சிரைப்பு. நாக்கிலும் வாயிலும் மூக்குக்குள்ளும் உள்ள ஈரம் மூச்சுக்காற்றில் ஆவியாகிப் போகும்போது வெப்பமும் கூடவே போகிறது. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் ஒரு நாய் மூச்சிரைத்தால் அந்த ஈரமெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏற ஏற நாக்கின் ஈரம் ஆவியாவது குறையும். குளிர்வதற்காக அது எடுக்கிற முயற்சியே அதன் வழியை அடைக்கிறது. மணி கோடையில் கூண்டுக்குள் போகாததைப் பிடிவாதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சென்ற மாதக் கடைசியில் ஒரு நாள், மூன்றரை மணி இருக்கும், அவன் தள்ளாடி நடந்து சரிந்து விழுந்தான். வாயிலிருந்து கெட்டியான எச்சில் கயிறு போலத் தொங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு செக்கச்செவேல் என்றிருந்தது. காவலர் அண்ணன் தோட்டக்குழாயைத் திறந்து வயிறு, தொடையிடுக்கு, கழுத்து என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் என் மேசை விசிறியை வெளியே இழுத்துவந்து நீள மின்வயரில் செருகி, தண்ணீர் படாத தூரத்தில் ஓடவிட்டேன். தண்ணீரும் காற்றும் சேர்ந்தால்தான் வெப்பம் வேகமாக இறங்கும். அவன் தலையைத் தூக்கிய பிறகே வண்டியில் ஏற்றினோம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நாங்கள் அவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோன பிறகும் மருத்துவரின் வெப்பமானி 40.6 காட்டியது. 41-ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை என்று உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும் என்றார். முதலில் குளிரவைத்துவிட்டுப் பிறகு கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றும் சொன்னார். மணி பிழைத்தான்.

ஈரத்துணியைப் போர்த்தலாமே என்று அன்றைக்கு இரண்டு பேர் துண்டோடு ஓடிவந்தீர்கள். அந்த அன்பை மறக்கமாட்டேன். ஆனால் போர்த்திய துணி சிறிது நேரத்தில் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி, உள்ளே வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அடியில் விரித்துப் படுக்கவைக்கலாம், மேலே மூடக்கூடாது. இது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறேன். தட்டை மூக்கு நாய் வளர்க்கும் மூன்றாம் மாடி வீட்டார் இதைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகல். மூச்சிரைத்துக் குளிர்வதே அவற்றுக்குக் கடினம்.

இப்போது என் தவறு. நான் கட்டிய படுக்கை விரிப்பை நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தாலும் அன்று மூன்றரை மணிக்கு அது மணியைக் காப்பாற்றியிருக்காது. அதை இரண்டு மீட்டர் உயரத்தில், அவன் படுக்கிற இடத்துக்கு நேர்மேலே கட்டியிருந்தேன். சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது அது சரி. சூரியன் மேற்கே 45 பாகைக்கு இறங்கியதும் இரண்டு மீட்டர் உயரத்துக் கூரையின் நிழல் இரண்டு மீட்டர் கிழக்கே தள்ளி விழும். அதாவது சுவர் மேல். 30 பாகைக்கு இறங்கினால் மூன்றரை மீட்டர் தள்ளிப்போகும். நாளின் மிகச் சூடான நேரம் உச்சிப்பொழுது அல்ல, அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான். அந்த நேரத்தில் என் விரிப்பு சுவருக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும், மணிக்கு அல்ல. சாக்கட்டிக் கோடுகள் போட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

ஆகவே பழைய விரிப்பைத் திரும்பக் கட்ட நான் அனுமதி கேட்கவில்லை. நான் கேட்பது வேறு.

சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நான்கு மூங்கில் கழி. மண் உள்ள இடத்தில் அறுபது சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி நட்டால் போதும். தளம் போட்ட பக்கத்தில் உடைக்க வேண்டாம். காலிப் பெயின்ட் வாளியில் கழியை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிக்கொள்ளலாம். கூரை ஒன்றரை மீட்டர் உயரம். இதைவிடத் தாழ்ந்தால் அனல் அடிக்கும், உயர்ந்தால் நிழல் ஓடிவிடும். மேலே போடுவது நர்சரிகளில் செடிக்குக் கட்டும் நிழல்வலை, கடையில் ஷேட் நெட் என்று கேட்பது. அதில் 75 சதவீத வலை. பின்னல் வகையாக வாங்க வேண்டும், வெட்டினாலும் பிரிந்துவராது.

தார்ப்பாய் போடலாமே என்று பொருளாளர் கேட்கக்கூடும், ஸ்டோர் அறையில் ஒன்று கிடக்கிறது. வேண்டாம். தார்ப்பாய் காற்றை விடாது. அடியில் சேர்ந்த சூடு மேலேறிப் போக வழியிருக்காது. காற்றடித்தால் பாய்மரமாகி உப்பிக் கழியையே பிடுங்கும். மழை வந்தால் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கும். வலையில் சூடும் காற்றும் ஊடே போய்விடும். போன முறை "காற்றில் பறந்து கார் மேல் விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டீர்களே, அதற்கும் இதுவே பதில்.

75 சதவீத வலையில் கால்பங்கு வெயில் உள்ளே வரும். மணியின் கரும்பழுப்பு உடம்புக்கு அதுவும் அதிகம். அதனால் இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு சாண் இடைவெளி. மேல் அடுக்கைத் தாண்டி வருகிற கால்பங்கில் மறுபடி கால்பங்குதான் கீழே இறங்கும். மேல்வலை சூடேறினாலும் அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் கீழ்வலை அவ்வளவு சூடாகாது. ஒரே அடுக்கில் நெருக்கமான வலையைப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். என் பின்கட்டில் சிறிதாகக் கட்டி, இரண்டு வகைக்கும் அடியில் நானே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மேற்குப் பக்கத் திரை. கூரையின் மேற்கு விளிம்பிலிருந்து அதே வலையைத் திரை போலத் தொங்கவிட வேண்டும். தரையைத் தொடாமல் முப்பது சென்டிமீட்டர் மேலே நிறுத்திவிட வேண்டும், காற்று அடியில் நுழைய. சூரியன் 30 பாகையில் இருந்தாலும் அந்த இடைவெளி வழியே அரை மீட்டர் அளவுக்குத்தான் வெயில் உள்ளே நீளும். மற்ற மூன்று பக்கமும் திறந்தே இருக்கட்டும். கூரை இல்லாமல் திரை மட்டும் இருந்தால் நண்பகலில் பயனில்லை. திரை இல்லாமல் கூரை மட்டும் இருந்தால் என் படுக்கை விரிப்புக் கதைதான்.

வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து, மடிப்புக்குள் கயிறு ஓட்டித் தைக்க வேண்டும். ஓட்டை போட்டு நேராகக் கட்டினால் முதல் காற்றிலேயே அந்த இடம் கிழியும். பிளாஸ்டிக் கட்டு பயன்படுத்தினால் கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். வெள்ளை வெயிலில் சீக்கிரம் உளுத்து உடைந்துவிடும். கயிற்றின் மீந்த நுனியைத் தொங்கவிடாமல் வெட்டிவிட வேண்டும். நாய் அதைக் கடித்து விழுங்கினால் குடலில் சிக்கும், கழுத்தில் சுற்றினால் இறுகும். தையல் வேலையை நானும் இரண்டாம் மாடி அக்காவும் முடித்துவிடுகிறோம்.

சங்கிலிக்கு வருகிறேன். அவனைக் கட்டவே வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். ஆனால் கேட் திறந்து மூடுகிற இடம், சிறுபிள்ளைகள் ஓடுகிற இடம், உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. குறைந்தபட்சம் சுவரில் அடித்த வளையத்திலிருந்து அவனை எடுத்துவிடுவோம். பந்தலின் நீளவாக்கில் ஒரு கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டினால் அவன் முழு நிழலுக்குள்ளும் நடமாடலாம். கம்பியின் இரு முனையிலும் கழிக்கு முன்னாலேயே ஒரு தடுப்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலி கழியைச் சுற்றிச் சுருங்கி, நிழல் இருந்தும் அவன் வெயிலில் மாட்டிக்கொள்வான். அப்படி ஆகி நான் இரண்டு முறை போய் அவிழ்த்திருக்கிறேன். இரும்புச் சங்கிலி வெயிலில் கிடந்தால் தொட முடியாத சூடு என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

தரைக்கு மணல் போதும், ஒரு வண்டி. நண்பகலில் ஒரு வாளி தண்ணீர் தெளித்தால் அவனே தோண்டிக் குளிர்ந்த மண்ணில் வயிறு படப் படுத்துக்கொள்வான். மரச்சட்டத்தில் கோணிச்சாக்கை இழுத்து அடித்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கட்டில் செய்துதர காவலர் அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். வயதான மூட்டுக்கும் அது நல்லது, அடியிலும் காற்று ஓடும்.

தண்ணீர் இப்போது ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வெயிலில் இருக்கிறது. பகல் ஒரு மணிக்கு அதில் விரலை விட்டுப் பார்த்தேன், குளிக்கிற வெந்நீர். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஐம்பது அறுபது மில்லி என்பது சாதாரண நாள் கணக்கு. இருபது கிலோ மணிக்கு அதுவே ஒரு லிட்டருக்கு மேல், கோடையில் இன்னும் எவ்வளவோ கூடும். இரண்டு மண் தொட்டிகளை நிழலுக்குள் செங்கல் அணைப்போடு வைப்போம். மண் தொட்டியில் நீர் கசிந்து ஆவியாவதால் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றொன்று இருக்கும். தினமும் கொட்டிக் கழுவி நிரப்புவது என் பொறுப்பு. அப்படிச் செய்தால் கொசு முட்டையிட்டு வளரவும் நேரமிருக்காது.

மதிலோரம் மறைப்புக்கு அரளி வைக்கலாம் என்று தோட்டக்காரர் சொல்லியிருக்கிறாராம். தயவுசெய்து வேண்டாம். அரளியின் இலை, பூ, தண்டு அத்தனையும் நாயின் இதயத்துக்கு விஷம். அடுத்த கோடைக்குள் நிழல் தர மரக்கன்று வைப்பதானால் நான் முதல் ஆளாக வருகிறேன். எந்த வலையும் மர நிழலுக்கு ஈடாகாது. இலை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் அதனடியில் காற்றே குளிர்ந்திருக்கும். ஆனால் கன்று வளரும்வரை மணிக்குப் பொறுமை இருக்கலாம், வயது இல்லை.

"ஒன்றுக்கு நிழல் போட்டால் தெருநாயெல்லாம் வந்து சேரும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது என் காதுக்கு வந்தது. அவை ஏற்கெனவே வந்துவிட்டன. பிற்பகல் இரண்டு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் குனிந்து பாருங்கள்; காருக்கு அடியில் குறைந்தது மூன்று படுத்திருக்கும். அங்கே வேறு நிழலே இல்லை. வண்டியை எடுக்கும்போது அவை மாட்டிக்கொள்ளும் ஆபத்தும், பம்பரைக் கீறுகிறது என்ற உங்கள் புகாரும் அங்கிருந்தே வருகின்றன. பின்மதில் பக்கம், யார் வாசலுக்கும் எதிரே இல்லாத இடத்தில், இதே மாதிரி இன்னொரு சிறு பந்தலும் ஒரு தொட்டித் தண்ணீரும் வைத்தால் அவை அங்கே போகும். அதுவரை வண்டியைக் கிளப்பும் முன் பானட்டில் இரண்டு தட்டு தட்டுங்கள். இதை அறிவிப்பாகவே போட்டால் நல்லது.

பார்க்க நன்றாக இருக்காது என்பது உங்கள் கடைசி ஆட்சேபம். என் விரிப்பு நன்றாக இல்லைதான், கிழிந்தது வேறு. இந்தமுறை கழிக்கு ஒரே நிறச் சாயம் அடித்து, வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுவோம். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் எந்த நிறம், எந்த வடிவம் என்று நீங்களே சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறோம். இடத்தையும் மேற்குத் திரையையும் மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.

குழுவிடம் நான் கேட்பது மூன்று: பந்தலுக்கு எழுத்தில் அனுமதி, கூண்டைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி மழைக்காலத்துக்கு எடுத்துவைக்க ஒப்புதல், ஸ்டோர் அறைச் சாவி. விளையாட்டுத் திடல் வேலையில் மிஞ்சிய மூங்கில் கழிகள் அங்கேதான் இருக்கின்றன. வலையையும் கயிற்றையும் நாங்கள் ஆறு வீட்டார் சேர்ந்து வாங்கிவிட்டோம். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் குழி வேலை முடிந்துவிடும். கடப்பாரை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். தோண்டுகிறவரை மணியின் சங்கிலியை நான் பிடித்துக்கொள்கிறேன். என்னிடம் அவன் அமைதியாக இருப்பான்.

இப்படிக்கு,
தரைத்தளத்தில், கேட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருப்பவள்